ஒரு விரல் காட்டினால்

ஷார்ஜா ரோலாவில், துபாய் பஸ் ஏறுமுன், போன் கார்டும் பெட்டியும் விற்கும் கடைக்குள் நுழைகிறேன். உள்ளே நிற்பவன் அந்தோணி. கல்லூரி பேஸ்பால் அணியில் பந்து எறிந்தவன். நான் எதிரே குந்தியிருந்து பிடித்தவன். நான் ஒரு விரல் காட்டினால் வேகமாக எறிவான்.

உயரத்தில் தொங்கும் பெட்டியை இடது கையால் இறக்குகிறான்.

“வலது கை என்னாச்சு?”

“தோளுக்கு மேல போவாது மக்கா. அந்த பைனலோட கலாஸ், முடிஞ்சு போச்சு.”

அன்று கடைசிவரை ஒரு விரல்தான் காட்டினேன். “நான் நிறுத்தியிருக்கணும்,” என்கிறேன்.

“ஒனக்கு எப்படில தெரியும்? வலிக்குன்னு நான் யார்கிட்டயும் சொல்லலியே.”

பெட்டியின் ஜிப்பைத் திறந்து மூடுகிறேன். அன்று களத்தில் எங்கள் அணியின் மற்ற ஏழு பேரும் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். ஒவ்வொரு பந்துக்கும் அவன் முகம் சுளித்ததை எங்களில் பார்த்தவன் நான் ஒருவன்தான்.