அண்ணையின் தீவுக்குப் பதினைந்து நிமிடம்

சனிக்கிழமைகளில் காலை ஆறு பத்துக்கு வெக்ஸ்போர்ட்டில் காரை எடுத்தால், ஆறு நாற்பதுக்கு அஜக்ஸில் அண்ணையின் வீட்டு வாசலில் நிற்கலாம். வாரத்தில் மூன்று நாள் அவருக்கு டயாலிசிஸ். செவ்வாயும் வியாழனும் அவருடைய மகள் கூட்டிக்கொண்டு போவாள். சனி என்னுடையது. இரத்தம் குழாய் வழியாக இயந்திரத்துக்குள் போய்த் திரும்பும் அந்த நாலு மணி நேரமும், பக்கத்துக் கதிரையில் இருந்து நாட்குறிப்பு எழுதுவேன். கிரேக்கத் தீவுகளுக்கான கப்பல் அட்டவணையையும் அந்தக் கதிரையில் இருந்துதான் போட்டேன்.

அண்ணை இளவயதில் நாலு வருடம் கிரேக்கக் கப்பல் ஒன்றில் வேலை செய்தவர். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தச் சம்பளத்தில். ஒருமுறை இயந்திரம் பழுதாகி, ஒரு சின்னத் தீவுக்கு முன்னால் பதினொரு நாள் நங்கூரமிட்டு நின்றார்களாம். கப்பித்தானும் கிரேக்க மாலுமிகளும் தினமும் வள்ளத்தில் கரைக்குப் போய் வந்தார்கள். எங்கள் ஆட்கள் நாலு பேரிடமும் கரையிறங்கும் பத்திரம் இல்லை. "காத்து எங்கட பக்கம் திரும்பினா பாண் சுடுற போறணை மணக்கும்" என்று அண்ணை சொல்வார். "கப்பலில காய்ஞ்ச பிஸ்கற்றைக் கடிச்சுக்கொண்டு அந்த மணத்தை முகர்ந்தனாங்கள்."

அந்தத் தீவில் கால் வைக்க வேண்டும். அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

முதலில் ஜூன் மாதத்துக்குத்தான் போட்டேன். அம்மா இறந்து ஒரு வருடம் ஆகவில்லை, ஆட்டைத் திவசம் முடியாமல் கொள்ளி வைத்த மூத்த மகன் கடல் தாண்டக் கூடாது என்று அண்ணி மறித்தார். அண்ணை முணுமுணுத்தார், ஆனால் மீறவில்லை. திவசம் ஓகஸ்ட் முதல் வாரத்தில் வந்தது. பயணத்தை ஓகஸ்ட் கடைசிக்கு மாற்றினேன். பக்கத்துப் பெரிய தீவின் ஆஸ்பத்திரியில் வெளியூர் நோயாளிகளுக்கு டயாலிசிஸ் கட்டில் அந்த இரண்டு வாரம்தான் கிடைத்தது. இன்னொரு வருடம் தள்ளிப் போட வேண்டாம் என்று டொக்டரும் சொல்லியிருந்தார்.

என் திட்டம் இப்படி இருந்தது. சனிக்கிழமை பெரிய தீவில் டயாலிசிஸ். ஞாயிறு காலை சிறிய விரைவுக் கப்பலில் அண்ணையின் தீவுக்குப் போய் ஓர் இரவு தங்குவது. திங்கள் காலை திரும்புவது. செவ்வாய் மறுபடியும் டயாலிசிஸ். எல்லாவற்றையும் பென்சிலால் எழுதி, கட்டணம் கட்டிய வரிகளை மட்டும் மையால் எழுதினேன். பங்குனியில் ஒரு சனிக்கிழமை, ஓகஸ்டில் கடல் எப்படி என்று அண்ணையிடம் கேட்டேன். "பால் மாதிரி இருக்கும்" என்றார். அதையும் குறித்துக்கொண்டேன்.

ஜூன் கடைசியில்தான் கப்பல் கொம்பனியின் அறிவித்தலை முழுதாக வாசித்தேன். ஓகஸ்டில் வடக்குக் காற்று பலமாக வீசும், சிறிய கப்பல்கள் ஒரு நாளோ இரண்டு நாளோ துறைமுகத்திலேயே நிறுத்தப்படலாம் என்று இருந்தது. சனிக்கும் செவ்வாய்க்கும் இடையில்தான் அண்ணைக்கு மிக நீண்ட இடைவெளி. அதற்கு மேல் ஒரு நாள் கூடினால் நுரையீரலில் தண்ணீர் கட்டலாம், இதயம் நிற்கவும் கூடும் என்று தாதி எனக்குச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை ஊசி ஏற்றி முடியும்வரை காத்திருந்து கேட்டேன்.

"அண்ணை, ஓகஸ்டில அங்க காத்து அடிக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "ஆர் சொன்னது?"

"கப்பல் கொம்பனியே போட்டிருக்கு."

"உவங்கள் சின்னக் காத்துக்கும் கயித்தை அவிழ்க்க மாட்டாங்கள்."

"நாலு வருசம் உந்தக் கடலில திரிஞ்சனீங்கள். தெரியாதெண்டு சொல்லாதேங்கோ."

"தெரியும்." ஊசி இல்லாத கையால் போர்வையை இழுத்துவிட்டார். "சொல்லியிருந்தா நீ கொப்பியை மூடியிருப்பாய். உன்னைத் தெரியாதே எனக்கு? பால் வாங்கப் போறதுக்கும் அட்டவணை போடுற ஆள்."

"திங்கள் கப்பல் வராட்டி?"

"செவ்வாய் வரும்."

"செவ்வாயும் வராட்டி?"

"பாண் திண்டுகொண்டு இருப்பம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று 401 நெடுஞ்சாலையில் திரும்பி வரும்போது வெளியேறும் பாதையைத் தவறவிட்டேன். பத்து வருடத்தில் முதல் தடவை.

அந்த வாரம் முழுவதும் வேறு வழி தேடினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பெரிய கப்பல் ஓடுகிறது. பெரிய தீவில் புறப்பட்டு, அண்ணையின் தீவில் பதினொன்று இருபதுக்கு நின்று, பதினொன்று முப்பத்தைந்துக்குக் கிளம்பி, இன்னும் இரண்டு தீவுகளைச் சுற்றி மாலையில் பெரிய தீவுக்கே திரும்புகிறது. காற்றுக்கு அவ்வளவு சுலபமாக அது நிற்காது. புறப்படாமல் நின்றாலும் நாங்கள் ஆஸ்பத்திரி இருக்கும் தீவிலேயே இருப்போம். விரைவுக் கப்பலையும் தங்கும் அறையையும் ரத்துச் செய்துவிட்டு, இந்தக் கப்பலில் இறங்காமல் ஒரு சுற்று வரலாம் என்று சொல்ல அண்ணைக்கு போன் எடுத்தேன்.

அவர் முழுதாகக் கேட்டார். பிறகு, "திரும்பவும் கப்பலில நிண்டு பாக்கச் சொல்லுறியோ?" என்றார். வைத்துவிட்டார்.

அண்ணியிடம் கேட்டேன். "சாப்பிடுறார் தம்பி, கதைக்கிறார் இல்லை" என்றார்.

அந்தத் தீவுக்கு டிக்கெட் எடுக்காத பயணி நடுவில் இறங்கி ஏற முடியுமா என்று கொம்பனிக்கு எழுதினேன். முடியாது என்று பதில் வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குப் புத்தி வேலை செய்தது. தீவுவரை ஒரு டிக்கெட், அதே கப்பலில் தீவிலிருந்து இன்னொரு டிக்கெட். முதல் டிக்கெட்டில் இறங்கலாம், இரண்டாவதில் ஏறலாம். அவருக்கு இரண்டு, எனக்கு இரண்டு. நாலையும் மையால் எழுதினேன்.

சனிக்கிழமை அந்தப் பக்கத்தை அவர் முன்னால் விரித்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டு, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் படித்தார்.

"இறங்க விடுவாங்களோ?"

"டிக்கெட் இருக்கு. மறிக்கேலாது."

"அந்த நாளில உந்த மூளை உனக்கு இருந்திருந்தா என்னை அப்பவே இறக்கியிருப்பாய்." முகம் லேசாக மலர்ந்தது. "பாண் போறணை துறையில இருந்து எத்தினை அடி?"

"இப்ப இருக்கோ எண்டே தெரியாது அண்ணை."

"உது தெரியாமல் என்னடா அட்டவணை?"

"பதினைஞ்சு நிமிசம்தான் நிக்கும். திரும்பி ஏறுவீங்கள்தானே?"

"ஏறாமல் பின்ன என்ன?"

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பங்குனியில், கடல் பால் மாதிரி இருக்கும் என்று சொன்ன அதே குரல்.

வீட்டுக்கு வந்து அந்தப் பதினைந்து நிமிடத்தையும் தனித்தனி வரிகளாகப் பிரித்தேன். பதினொன்று இருபதுக்குக் கப்பலின் சரிவுப் பாலம் இறங்கும். இருபத்தொன்றுக்கு அவர் முதல் ஆளாக இறங்குவார், நான் ஒரு அடி பின்னால். முப்பதுக்கு அவருடைய முழங்கையைப் பிடிப்பேன், ஊசி ஏற்றாத வலது கை. அவருக்கு அறுபத்தெட்டு வயது. நடக்கும்போது மூச்சு வாங்கும். ஆனாலும் அவர் நிற்க நினைத்த இடத்திலிருந்து அவரை அசைத்தவர்கள் எங்கள் வீட்டில் யாரும் இல்லை.

பதினொன்று முப்பத்தைந்துக்கு நேரே 'இருவரும் கப்பலில்' என்று எழுதியிருக்கிறேன். அந்த வரி மட்டும் இன்னும் பென்சிலில் இருக்கிறது.