மணலில் நிறுத்திய கார்

உங்கள் ராத்தாவுக்கு, என் மூத்த மகளுக்கு, கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, அவள் புறப்பட வேண்டிய நாள் நெருங்கியபோதுதான் நம் காரில் தண்ணீர் குறையத் தொடங்கியது. நீங்கள் இருவரும் அப்போது சின்னப் பிள்ளைகள். அந்தக் காரைப் பற்றி உங்களுக்கு ஞாபகம் இருப்பது அதன் மீன் வாடை மட்டுமாகத்தான் இருக்கும். ஒலுவில் துறைமுகத்தில் மீன் நிறுப்பவனுடைய கார் வேறு எப்படி மணக்கும்?

ராத்தாவை அனுப்ப உங்கள் உம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்திருந்தார்.

“நம்மட கார்ல, நீங்களும் நானும் கொண்டு விடுறதெண்டாப் போகட்டும். கண்டவன்ட வேன்லயும் பஸ்லயும் என்ட பிள்ளைய அனுப்ப மாட்டன்.”

திங்கட்கிழமை பதிவு. அன்றைக்குப் போகாவிட்டால் இடம் போய்விடும் என்று கடிதத்தில் எழுதியிருந்தது.

அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்து வரும்போது நிந்தவூரில் காருக்குள் சூட்டைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஓரமாக நிறுத்திப் போனட்டைத் திறந்தேன். சூட்டோடு ரேடியேட்டர் மூடியில் கை வைக்கக் கூடாது. கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும். இதை நீங்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லும் வரை காத்திருந்துவிட்டுப் பார்த்தேன். பக்கத்தில் இருக்கும் சின்னத் தாங்கியில், எஞ்சினைக் குளிர்விக்கும் ரோஸ் நிறக் கூலண்ட் கீழ்க் கோட்டுக்கும் கீழே கிடந்தது. குடிக்க வைத்திருந்த போத்தல் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வீடு வந்தேன். வியாழக்கிழமை மறுபடியும் அதே விளக்கு.

நேரே கல்முனைக்கு விட்டேன். அங்கே கராஜ் வைத்திருந்த மெக்கானிக் பாஸ் அதிகம் பேசாத மனிதர். பேசினால் குத்தலாகத்தான் பேசுவார். என்னைக் காக்கா என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுவார்.

“காக்கா, கீழ ஒழுகுதா?”

“ஒரு சொட்டும் இல்ல, பாஸ். ஒவ்வொரு நாளும் குனிஞ்சு பாத்துட்டுத்தான் எடுக்கிறன்.”

“வடிவாப் பாத்தீங்களா?”

“பொய் செல்லவா வந்த நான்?”

ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தார். கூலண்ட் எஞ்சினுக்குள் இறங்கினால் ஒயில் பால் தேத்தண்ணீர் போல மாறும் என்றார், அப்படி மாறியிருக்கவில்லை. புகையும் வெள்ளையாக வரவில்லை. துணியில் கையைத் துடைத்தார்.

“வெளியில போகல்ல எண்டா உள்ளுக்குத்தான் போகுது. இப்ப லேசா இருக்கும், அதான் தெரியல்ல. எஞ்சின் ஹெட்டக் கழட்டித்தான் பாக்கணும். சனிக்கிழமை கொண்டு வந்து ஒரு கிழமை விடுங்க.”

“திங்கள் கண்டிக்குப் போகணுமே, பாஸ்.”

“இந்தக் கார்லயா? கண்டி மலைப் பாதையில, பதினெட்டு வளைவுல குரங்குகளோட கதைச்சிட்டு நிக்க வேண்டி வரும்.”

வீட்டுக்கு வந்து சொன்னேன். ராத்தா கட்டிலில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் மடிப்பதை நிறுத்தினாள். ஆனால் மடித்து வைத்ததைத் திரும்பப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவில்லை. உம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். மகள் போகாமல் இருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் அவருக்குக் கிடைத்திருக்காது. இன்னும் இரண்டு மீன் வெட்டி முடித்தார். பிறகு கத்தியைக் கீழே வைத்தார்.

“கார எங்க நிப்பாட்டுற நீங்க?”

“இஞ்ச, வாசல்ல.”

“வாசல்ல என்ன கிடக்கு?”

“என்ன கிடக்கு, மண்தான்.”

“குடத்தோட ஊத்தினாலும் குடிச்சுப் போடுற கடல் மண். அதுல போய் சொட்டுத் தேடி இரிக்கீங்க. மீன நிறுத்து நிறுத்துக் கண்ணும் போயித்தா?”

அவர் சொன்னது சரி. துறைமுகத்தில் நான் கார் நிறுத்தும் இடத்திலும் சொட்டு விழுந்தால் தெரியாது. ஐஸ் பெட்டிகளிலிருந்து வடியும் தண்ணீரில் அந்த இடம் எந்நேரமும் ஈரமாகவே கிடக்கும். ஓரிடத்தில் எதுவும் ஈரமாகத் தெரியாது, மற்ற இடத்தில் எல்லாமே ஈரம். இந்த இரண்டு இடத்திலும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் பாஸிடம் ஒழுகவில்லை என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன். அவர் கணக்குப் பிசகியது என் பேச்சை நம்பியதால்.

எல்லோரும் சேர்ந்திருந்து சாப்பிடும் சஹன் தட்டுக்குக் கீழே விரிக்கும் பழைய வெள்ளைச் சீலை ஒன்றை உம்மா கொண்டுவந்து தந்தார். “கறை பட்டா நீங்கதான் கழுவணும்” என்றார்.

சீலையைக் காரின் முன்பக்கத்துக்குக் கீழே விரித்து எஞ்சினை ஓடவிட்டேன். சூடேறி உள்ளே அழுத்தம் கூடும்போதுதான் சில ஒழுக்கு வெளியே வரும். இருபது நிமிடத்தில், பேரீச்சம்பழ அளவில், ரோஸ் நிறத்தில் ஒரு கறை. எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, கறைக்கு நேர் மேலே டோர்ச் அடித்தேன். ரேடியேட்டரின் அடிக் குழாயை இறுக்கியிருந்த கிளிப் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது. அதைச் சுற்றி உப்புப் பூத்தது போலக் காய்ந்த படலம். அந்தப் படலத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன், துடைத்தும் இருக்கிறேன். நம் ஊரில் கேற்றிலும் சைக்கிளிலும் உப்புக் காற்றில் பூக்காத இரும்பு எது? இந்த முறை நகத்தால் சுரண்டினேன். அதுவும் ரோஸ் நிறம்தான். கடல் உப்பு அந்த நிறத்தில் இருக்காது.

படம் எடுத்து பாஸுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதில் குரலில் வந்தது.

“காக்கா, ஹெட்டக் கழட்டத் தேவையில்ல. காலையில வாங்க, கிளிப் மாத்தி கூலண்டும் புதுசா ஊத்துவம். அந்தச் சீலைய விரிச்சது ஆரு? அவங்கள கராஜுக்கு அனுப்புங்க, நீங்க வீட்டுல மீன வெட்டுங்க.”

வெள்ளி காலையில் கராஜில் வேலை முடிந்தது. அன்றும் சனியும் ஞாயிறும் ஓட்டிவிட்டு வந்து அதே சீலையில் நிறுத்திப் பார்த்தேன். புதுக் கறை இல்லை. தாங்கியிலும் மட்டம் இறங்கவில்லை.

திங்கட்கிழமை விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். மாவடிப்பள்ளி வயல்களைத் தாண்டி, அம்பாறை, மகியங்கனை. பதினெட்டு வளைவில் ஏறும்போது நான் விளக்குகளையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். பின்சீட்டிலிருந்து ராத்தா, “வாப்பா, ரோட்டப் பாருங்க. விளக்க நான் பாக்கன்” என்றாள்.

பதிவு முடிந்து, விடுதி வாசலில் பெட்டிகளை இறக்கினோம். வெயில் என்பதால் ஏசியைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டிருந்தேன். ராத்தா எங்கள் கையைப் பிடித்துச் சலாம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் கார்க் கதவைத் திறந்தபோது உம்மா முன்பக்கத்தில் குந்தியிருந்தார்.

“இஞ்ச வாங்க, இஞ்ச வாங்க. ஒழுகுது!”

சீமெந்துத் தரையில் ஒரு சின்ன ஈரம்.

“இத நம்பி எப்படித் திரும்பிப் போற? மகளக் கூப்பிடுங்க, கதைப்பம்.”

நானும் குந்தினேன். ஈரத்தைத் தொட்டு விரல்களில் தேய்த்தேன். நிறம் இல்லை, வழுவழுப்பு இல்லை, வாடையும் இல்லை.

“இது ஏசித் தண்ணி. கூலண்ட் இல்ல.”

உம்மா நம்பவில்லை. தானும் தொட்டு, என்னைப் போலவே தேய்த்துப் பார்த்தார். பிறகு முந்தானையின் வெள்ளைக் கரையில் அந்த விரலைத் துடைத்து, அந்த இடத்தை வெயிலில் பிடித்து நன்றாகப் பார்த்தார்.

“ஓம்,” என்றார். “வெறும் தண்ணிதான்.”

எழுந்து, விடுதிப் பக்கம் திரும்பாமல் காரில் ஏறிக்கொண்டார்.