பத்துக்குள் வராத வேலை

ஆபீசில் அவனுக்கு 'மின்னல்' என்று பெயர். வேறு யாரும் வைக்கவில்லை, தானே வைத்துக்கொண்டான். வேலை தேடித் தரும் தளம் ஒன்றின் தேடுபொறி அவன் கைவண்ணம். விளம்பரங்களையெல்லாம் எண்களாக்கி வெக்டர் டேட்டாபேஸில் போட்டுவைத்திருந்தான். தேடுகிறவர் எழுதியதற்குப் பொருளில் நெருக்கமான பத்து விளம்பரங்களை அது கண்ணிமைக்கும் நேரத்தில் எடுத்துவிடும். அதற்குப் பிறகுதான் ஊரைப் பார்க்கும். வேறு ஊர் என்றால் தள்ளிவிடும். பெரும்பாலும் பெரிய நகரங்களின் விளம்பரங்களே முந்திக்கொள்ளும். பத்தும் தள்ளுபடியானால், "பொருத்தமான வேலை இல்லை" என்று கையைக் கழுவிவிடும். பதினோராவது, தேடுகிறவரின் ஊரிலேயே இருந்தாலும் அதன் கண்ணில் படாது.

"முதல்ல ஊரைப் பிரிச்சுட்டு அதுக்குள்ள தேடலாமே?" என்றாள் பக்கத்து மேஜைக்காரி.

"வேகம் போயிடும்மா" என்று மின்னல் அவள் வாயை அடைத்தான். வெறுங்கையை நீட்டுவதற்கு இத்தனை அவசரம்!

அவன் மனைவியின் தம்பி லிஃப்ட் மெக்கானிக். கம்பெனியை மூடிவிட்டதால் வேலை போயிற்று. அம்மா படுத்த படுக்கை, கூடவே இருந்து பார்த்துக்கொள்ள அவன் ஒருவன்தான். அதனால் உள்ளூரில் வேலை வேண்டும். தினமும் மாமாவின் தளத்தில் தேடினான். தினமும் 'இல்லை'.

"மெஷின் பொய் சொல்லாதுடா. உன் தொழிலுக்கு இந்த ஊர்ல மதிப்பில்ல, அவ்வளவுதான்" என்றான் மின்னல், சாப்பாட்டை மென்றபடியே. அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. அதையெல்லாம் கவனிக்க மேதைக்கு நேரமேது?

ஒருநாள் காலை ஆபீஸ் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே மின்னல் மட்டும். அவன் போட்ட கூச்சலில் கட்டட மேனேஜர் ஓடிவந்து, கதவுக்கு வெளியிலிருந்து கத்தினார்.

"மெக்கானிக் இல்ல சார்! உங்க சைட்லதான் மாசக்கணக்கா ஆள் கேட்டுப் போட்டிருக்கோம். ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல."

மின்னலுக்கு வியர்த்துக் கொட்டியது. மச்சினனுக்கு போன் போட்டான்.

"பயப்படாதீங்க மாமா. கதவ இழுக்காதீங்க, ஓரமா உக்காருங்க."

"நீ உடனே வாடா! இங்க எங்க பில்டிங்லயே உனக்கு வேலை இருக்கு!"

மறுமுனையில் பஸ் இரைந்தது.

"வெளியூர்ல வாட்ச்மேன் வேலைக்கு ஒத்துக்கிட்டேன் மாமா. அம்மாவ முதியோர் ஹோம்ல விட்டுட்டு இப்பதான் பஸ் ஏறினேன். என் கைய விடவே மாட்டேன்னுச்சு. அந்த வேலைய எப்ப மாமா போட்டாங்க? நான் தினமும் தேடுனேனே?"

"இன்னைக்குத்தான்டா" என்றான் மின்னல், கொஞ்சமும் கூசாமல்.