பிஸ்கட்டுக்கு ஓர் அட்டாச் பாத்ரூம்

சுபாஸ்கரன் சமையலறை மேசையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டியைச் சரித்துப் பிடித்துக்கொண்டு, அதன் பக்கத்தில் பென்சிலால் வட்டம் கீறினார். பால்மா டின்தான் அளவு. வட்டம் பெட்டியின் அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சின்ன வாளால் அறுத்தார். அறுத்த விளிம்பைச் சாண்ட் பேப்பரால் தேய்த்தார். விரலை விட்டு ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார். முகம் சுளித்துக்கொண்டு திரும்பவும் தேய்த்தார்.

"காலை மடிச்சு நீட்டினீரோ?" என்று கேட்டேன்.

"ஓம் அக்கா."

"எத்தினை தரம்?"

"பெட்டியைத் தூக்க ஒருக்கா, வைக்க ஒருக்கா."

"ஆஸ்பத்திரியில தந்த பயிற்சித் தாள் எங்க?"

"அதைத்தான் பிஸ்கட் களவெடுத்திட்டுது எண்டு சொன்னனே."

"வாயில்லாப் பிராணியில பழியைப் போடாதேயும்" என்றேன்.

நான் பக்கத்து வீடு. சுபாஸ்கரனுக்கு முழங்கால் மூட்டு மாற்றி மூன்று மாதம். மனைவி நகுலேஸ்வரி, மகள் துஷ்யாவின் பிரசவத்துக்காக டென்மார்க் போகவேண்டி வந்தபோது, வீட்டுத் திறப்பை என் கையில் தந்துவிட்டுப் போனார். முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவளிடம் இப்படியான பொறுப்புகள் தானாக வந்து சேரும். ஆனால் அவர் போகும்போது பார்க்கச் சொன்னது ஒரு மனிதனை மட்டும். பிஸ்கட் பிறகு வந்தது.

பிஸ்கட் ஒரு ஃபெரட். கீரியைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டது போலிருக்கும். முழ நீளம், குட்டைக் கால், வெள்ளை முகம், திருட்டுக் கண். சுபாஸ்கரனின் பழைய வாடிக்கைக்காரி பமீலா, பிராணிகளை அனுமதிக்காத ஒரு சின்ன வீட்டுக்கு மாறவேண்டியிருந்தது. நான்கு வருடத்துக்கு முன் தனக்கு ஒழுகாத ஷவர் பூட்டித் தந்த மனிதன் ஃபெரட்டையும் ஒழுங்காகப் பார்ப்பான் என்று அந்த அம்மா முடிவு செய்திருக்கிறார். கூட்டையும் பிஸ்கட்டையும், இரண்டு பக்கம் எழுதிய குறிப்பையும் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். சரிவராவிட்டால் கூப்பிடச் சொல்லி, ஃபெரட் காப்பகம் ஒன்றின் இலக்கத்தையும் தனித் துண்டில் எழுதித் தந்திருந்தார். அது குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது.

பமீலா ஆளைப் பிழையாகக் கணிக்கவில்லை. சுபாஸ்கரன் ஜெர்மனியில் ஒரு துருக்கிக்காரரிடம் குழாய் வேலை பழகி, ஹொலண்டில் சில வருடம் செய்து, பிறகு லண்டனுக்கு வந்தவர். சட்டனிலிருந்து வெம்பிளி வரை, அங்காலே கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற ஊர் வரை, தமிழ் வீடுகளில் அட்டாச் பாத்ரூம் என்றால் சுபாஸ்கரன்தான். ஆட்களின் பெயர் அவருக்கு நிற்காது, பாத்ரூம் நிற்கும். கல்யாண மண்டபத்தில் என் பக்கத்தில் இருந்து, "அங்க வாறவர் ஆர் தெரியுமோ? நீலத் தரை, சுவரில தொங்குற கக்கூஸ்" என்பார். சாமத்தியச் சடங்கில் பட்டுச்சேலையோடு நிற்கும் தாயிடம் போய், "இப்ப தண்ணி ஒழுங்கா இறங்குதோ?" என்று கேட்பார். நகுலேஸ்வரி பின்னால் நின்று கிள்ளுவார்.

முழங்கால் போனதோடு அந்தத் தொழில் நின்றது. முழந்தாளில் நிற்க ஏலாத ஆள் கக்கூஸ் பூட்ட ஏலாது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு யன்னலோரக் கதிரையில் குந்தினவர் எழும்பவில்லை. நான் வெருட்டினேன், பயிற்சி சொல்லித்தரும் பெண் வெருட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. பிஸ்கட் வந்து மூன்றாம் நாள், அவருடைய ஒரு சப்பாத்தை இழுத்துக்கொண்டு படிக்குக் கீழே ஓடியது. அவர் எழும்பிப் போனார். அன்றிலிருந்து ஒரு நாளைக்கு முப்பது தரம் எழும்புகிறார். மருந்துக்கு இருக்கிற மரியாதையை அந்தப் பிராணிக்கும் கொடுத்துவிட்டேன்.

நகுலேஸ்வரிக்கு இது எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், வீட்டுக்குள் ஏதோ ஒரு பிராணி மூலைக்கு மூலை வெளிக்கு இருக்கிறது என்பது. தொலைபேசியில் அவர் சொன்னதை நானும் கேட்டேன். அவர் மெதுவாகப் பேசுகிற ஆள் இல்லை.

"வெள்ளி பின்னேரம் வாறன். ஒரு இரவு பாப்பன். காலமை நீங்கள் சொல்லுற அந்தப் பெட்டிக்கு வெளியில ஒரு துளி கண்டாலும் அது போகும். சொல்லிப்போட்டன்."

தொலைபேசியை வைத்துவிட்டுச் சுபாஸ்கரன் என்னைப் பார்த்தார். "இது போனால் நான் திரும்பவும் அந்தக் கதிரைதான் அக்கா."

"அப்ப வேலையைப் பாரும்" என்றேன்.

அது புதன்கிழமை. வேலையைப் பார்த்தார். கூட்டின் பக்கக் கம்பிகளில் ஆறை வெட்டி, வெட்டிய முனைகளை அரத்தால் மழுக்கி, குளியல் தொட்டி ஓரத்துக்குப் பூட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டியை அதன்மேல் சுற்றி ஒட்டினார். ரப்பர் வைத்தால் கடித்து விழுங்கும் என்று பமீலா மூன்று கோடு போட்டு எழுதியிருந்தார். பெட்டியின் ஓட்டையையும் கூட்டின் ஓட்டையையும் நேராக வைத்து, வயர் கட்டும் பட்டிகளால் இறுக்கினார். ஃபெரட் பின்பக்கத்தைச் சுவரோடு அண்டித்தான் வெளிக்கு இருக்கும், அதற்காக உட்சுவருக்கு ஷவர் பலகை மிச்சத்தை வெட்டி ஒட்டினார். அடியில் வெளியே இழுக்கக்கூடிய தட்டு. தட்டில் ஈரம் உறிஞ்சக் கடதாசிக் குருணல். பூனைத் தட்டில் போடும் மண் கூடாது, தூசு நெஞ்சுக்குள் போய்விடும்.

நல்ல வேலை. ஆனால் இடம்? அதைக் கம்பி வெட்டுமுன்னமே முடிவெடுக்க வேண்டியிருந்தது.

பின்னறையில் வெப்பமூட்டியும் கதவும் போக, கூடு வைக்க ஒரே ஒரு இடம்தான். பிஸ்கட் கூட்டின் கிழக்கு அந்தத்தைத்தான் கக்கூசாகத் தெரிந்தெடுத்திருந்தது. நான் அங்கே கை காட்டினேன். சுபாஸ்கரன் கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து கூட்டின் மேல் வைத்தார்.

"ஈசான மூலை அக்கா. சுவருக்கு அங்கால சாமித்தட்டு. கக்கூசை இதில வைச்சால் பிஸ்கட்டும் போகும், நானும் போவன்."

அவருக்குச் சாத்திரத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் இந்த வீடு வாங்கினபோது கீழ்க் கக்கூஸ் ஈசானத்தில் இருக்கிறதென்று நகுலேஸ்வரி கண்டுபிடித்து, அதைக் கிளப்பி மற்றப் பக்கம் வைக்கப் பண்ணினார். அந்த வேலை மூன்று கிழமை இழுத்தது. "ஊரெல்லாம் பூட்டின நான் என்ர கக்கூசைத் தோளில வைச்சுக்கொண்டு வீடு முழுக்கத் திரிஞ்சன்" என்று இன்றைக்கும் சொல்லுவார். ஆகவே பெட்டி கூட்டின் மேற்கு அந்தத்தில் ஏறியது.

"வாயு மூலை. பேருக்கும் பொருத்தம்" என்றார்.

மேற்கு அந்தத்தில் பிஸ்கட்டின் படுக்கைப் பை தொங்கியது, பக்கத்தில் சாப்பாட்டுக் கோப்பை. நான் அப்போது வாயைத் திறந்திருக்கவேண்டும். என் பருப்பு அடுப்பில் இருந்தது, போய்விட்டேன்.

வியாழன் காலை வந்தபோது சுபாஸ்கரன் கூட்டின் முன்னால் தடியை ஊன்றி நின்றார். புதுப் பாத்ரூமுக்குள் பிஸ்கட் நல்ல நித்திரை. தன் போர்வையையும் உள்ளே இழுத்துப் போட்டு, மேலே ஒரு காலுறையும் சேர்த்திருந்தது. இருக்கவேண்டியதெல்லாம் வழக்கம்போல ஈசான மூலையில் இருந்தது.

"படுக்கையறை எண்டு நினைச்சிட்டுது" என்றார்.

"நீர் பெட்டியை எதால கழுவினீர்?"

"டெட்டோலால. ரெண்டு தரம். புதுச் சாமானெல்லே."

புதுச் சாமானைக் கழுவாமல் பாவிக்கிற தமிழ் வீடு இல்லை. அதிலும் கக்கூஸ் என்றால் நாங்கள் டெட்டோல் மணக்கும்வரை விடமாட்டோம். ஆனால் தான் இருந்த இடத்தை ஃபெரட் மணத்தால்தான் திரும்பக் கண்டுபிடிக்கும். இந்தப் பெட்டி அதற்குக் கக்கூஸ் போல மணக்கவில்லை, சுத்தமாக இருந்தது. சுத்தமான இடத்தில் படுக்கத்தானே செய்வார்கள்.

எங்கள் முதியோர் இல்லத்தில் ஓர் அம்மா இருந்தார். அவருடைய அறையிலும் அட்டாச் பாத்ரூம்தான், ஆனால் அவர் அலுமாரிக்குப் பக்கத்தில் வெளிக்கு இருந்துவிடுவார். கூட வேலை செய்த இளம் பிள்ளைகள் பாத்ரூம் வாசலில் படம் ஒட்டினார்கள், அம்பு கீறினார்கள். நான் கட்டிலைத் திருப்பிப் போட்டேன். எழும்பி இருந்தால் கண் முன்னால் கக்கூஸ் கதவு. அதோடு அலுமாரிப் பக்கம் சரி. ஆளைத் திருத்துகிறதைவிடக் கட்டிலைத் திருப்புவது சுகம்.

"சுபாஸ், ஈசானத்தில படுக்கலாமோ?"

"படுக்கலாம். கும்பிடவும் செய்யலாம். மற்றதுதான் ஏலாது."

"அப்ப படுக்கையையும் சாப்பாட்டையும் அங்க கொண்டுபோம். படுக்கிற இடத்திலயும் சாப்பிடுற இடத்திலயும் அது இருக்காது."

அவர் தடியால் கூட்டின் ஓர் அந்தத்திலிருந்து மற்ற அந்தத்துக்குக் காட்டினார். "அறையை மாத்தாமல் கட்டிலை மாத்துறது. இருபத்தஞ்சு வருசமா எனக்கு இது ஓடேல்லை பாருங்கோ. எத்தினை குழாயை வெட்டியிருப்பன்."

ஈசான மூலையை மட்டும் நன்றாகக் கழுவினோம். படுக்கைப் பையைக் கழுவ வேண்டாம், அப்படியே கழற்றி அங்கே கொளுவும் என்றேன், அதன் மணம் அதற்கு வேண்டும். கோப்பையும் தண்ணீரும் அதன் பக்கத்தில். ஈசானத்திலிருந்து எடுத்ததில் ஒரு துண்டை நான் கையுறையோடு கொண்டுபோய்ப் புதுப் பெட்டியில் வைத்தேன். சுபாஸ்கரன் வேறு பக்கம் பார்த்தார். பிஸ்கட் நித்திரையால் எழும்பின உடனே தூக்கிப் பெட்டிக்குள் விட்டோம். எழும்பி ஐந்து நிமிடத்துக்குள் அதற்கு வந்துவிடும். இது மனிதருக்கும் ஏறத்தாழச் சரி.

இரவு வரைக்கும் கணக்கு, நாலுக்கு மூன்று பெட்டிக்குள். நாலாவது கூட்டின் நடுவில்.

"நாலில மூண்டு எண்டால் பாஸ்தானே?" என்றார்.

"நகுலாவிட்டயோ?"

அவர் பிஸ்கட்டைத் தூக்கித் திரும்பவும் பெட்டிக்குள் விட்டார்.

வெள்ளி பின்னேரம் நகுலேஸ்வரி வந்தார். கோட்டைக் கழற்றாமல், பயணப் பெட்டியை நடையில் விட்டுவிட்டு, மூக்கை உயர்த்திக்கொண்டு நேரே பின்னறைக்குப் போனார்.

"இஞ்சருங்கோ, இது கீரி."

"கீரி இல்லை, ஃபெரட்."

"கீரிக்கு இங்கிலிஷ் பேர் வைச்சால் ஃபெரட்டோ?" குனிந்து பார்த்தார். பிஸ்கட் பையிலிருந்து தலையை நீட்டிக் கொட்டாவி விட்டது. "பல்லைப் பாரன். ஈசானத்திலயோ படுக்குது?"

"ஓம். சாமிக்குப் பக்கத்தில" என்றார் சுபாஸ்கரன், தானே யோசித்துச் செய்தவர் போல.

அது அவருக்குப் பிடித்துவிட்டது, ஆனால் காட்டவில்லை. அடுத்துப் பெட்டியை எட்டிப் பார்த்தார். உடனே சமையலறைக்குப் போய்க் கையுறையும் டெட்டோல் போத்தலுமாகத் திரும்பினார். நான் கையைப் பிடித்தேன்.

"விடும் நகுலா. அந்தத் துண்டு கிடக்கட்டும்."

"பீயை வைச்சுக்கொண்டோ அக்கா இரவு படுக்கிறது?"

"அதுக்கு அதுதான் வீட்டு இலக்கம். துடைச்சால் வழி தெரியாமல் உம்மட சாமிப் பக்கம்தான் போகும்."

போத்தல் கீழே இறங்கியது. "காலமை வரைக்கும்தான்" என்றார். சுபாஸ்கரன் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த காப்பக இலக்கத்தைப் பார்க்காமல் தேத்தண்ணி வைக்கப் போனார். தடியைக் கதிரையில் மறந்துவிட்டுப் போனார். நகுலேஸ்வரி தடியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைத் தேடினேன்.

காலை ஏழு மணிக்குத் திறப்பைப் போட்டு உள்ளே போனேன். நகுலேஸ்வரி கையுறையோடு கூட்டின் முன் குந்தியிருந்தார். சுபாஸ்கரன் பிஸ்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றார். பரீட்சை மண்டபத்தில் நிற்கும் பிள்ளைகளைப் போல அவரும் பிஸ்கட்டும்.

நகுலேஸ்வரி கூட்டின் நாலு மூலையையும் விரலால் தடவினார். ஒன்றும் இல்லை. நடுவைத் தடவினார். இல்லை. பெட்டியின் தட்டை இழுத்தார். பழைய துண்டுக்குப் பக்கத்தில் இரண்டு, புதிதாக, சுவரோடு ஒட்டி.

"படுக்கையையும் பாக்கவேணும்" என்று பையைக் கழற்றி உதறினார். காலுறை விழுந்தது. பேனை மூடி விழுந்தது. பிறகு நாலாக மடிந்து, ஓரமெல்லாம் பல் பதிந்த கடதாசி ஒன்று விழுந்தது. விரித்தார். காலை மடக்கி நீட்டும் மனிதனின் படம், பத்துத் தரம், காலை, மாலை.

சுபாஸ்கரன் என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை, வெறுமனே பார்த்தார்.

"சரி, நீர் சொன்னது உண்மைதான்" என்றேன். என்ன செய்வது.

நகுலேஸ்வரி பையை வாளிக்குள் போட்டார். "இதைத் தோய்க்கலாமோ, அல்லது இதுவும் வீட்டு இலக்கமோ?"

"தோய்க்கலாம். வழி பழகிட்டுது" என்றேன்.

குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த இலக்கத் துண்டைக் கிழித்து எடுத்தார். தட்டில் கிடந்த புதிய இரண்டையும் அதில் பொதிந்து குப்பையில் போட்டார், பழையதைச் சொன்னபடி விட்டார். வேறு கடதாசி கைக்கு வரவில்லையாம். காலியான இடத்தில் பயிற்சித் தாளை ஒட்டி, நாலு முனையையும் அழுத்திவிட்டார்.

பிறகு தட்டைத் தள்ளி மூடப் பார்த்தார். பிடிக்க ஒன்றும் இல்லாமல் விரல் வழுக்கியது.

"எத்தினை வருசம் பாத்ரூம் பூட்டின ஆள். இதுக்குக் கைபிடி எங்க?"

சுபாஸ்கரன் பிஸ்கட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கைபிடி தேடக் கொட்டிலுக்குப் போனார்.