மூன்றாவது கிளாஸ்

சனிக்கிழமை மாலை மூன்று இருபது. பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஒரு கட்டிடத்தின் மூன்றாவது மாடி. லிஃப்ட் கதவு திறந்ததும் முதலில் கண்ணில் பட்டவை, கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் வரிசையாக நின்ற பெரிய எஃகுத் தொட்டிகள். என் தம்பி அவற்றைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

இது போன வருடம் நடந்தது. எங்கள் ஊர் கோலார் தங்க வயலில் சாம்பியன் ரீப்ஸ். நான் பெங்களூரில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பக்கங்களைத் திருத்தும் வேலையில் இருக்கிறேன். தினமும் ரயிலில் போய்வருகிறேன். தம்பி ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டர். பம்ப், வால்வு என்றால் சாப்பாட்டை மறந்துவிடுவான். குடியால் அடுத்தடுத்து வேலைகள் போயின. பிறகு ஒரு ஈஸ்டருக்கு முன்னால் நிறுத்தினான். அதற்கப்புறம் தொடவில்லை. ஆனால் ஊரில் அவனை நம்பி வேலை கொடுக்க யாரும் இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் வீட்டில் உட்கார்ந்திருந்தவனுக்கு வந்த முதல் அழைப்பு இந்த இடத்திலிருந்துதான். பியரைத் தாங்களே காய்ச்சி அங்கேயே ஊற்றித் தரும் ப்ரூபப். தொட்டிகளையும் குழாய்களையும் பார்த்துக்கொள்ள ஆள் தேவையாம்.

"சாக்கடையிலேர்ந்து எழுந்து வந்தவன, சாக்கடை காண்ட்ராக்ட் எடுக்கக் கூப்பிடறாங்களா?" என்றார் அம்மா. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் சொன்னார்: "நீ கூடப் போயி பாத்துட்டு வா. நீ சரின்னா சரி. வேணான்னா வேணாம்."

அப்படித்தான் நான் போனேன். அவன் வேலையும் அவன் குடிக்காமல் இருப்பதும் என் ஒரு சொல்லில் இருந்தன.

பியர் காய்ச்சும் பொறுப்பிலிருந்தவர் முப்பது வயதிருக்கும் கன்னடப் பெண். காலில் ரப்பர் பூட்ஸ். தம்பி ஒரு வால்வைத் தொட்டுப் பார்த்து, அது லேசாகக் கசிகிறது என்றான். அவர் முகம் மலர்ந்தது. அந்த நிமிடமே அவனை வேலைக்கு எடுத்துக்கொண்டுவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அப்புறம் ஒரு விஷயம் சொன்னார். இங்கே வேலை செய்கிறவர்கள் எல்லோரும் தினம் ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் ஒரு வாய் ருசி பார்க்க வேண்டும். பியர் கெட்டால் அது நாக்குக்குத்தான் முதலில் தெரியும். விழுங்க வேண்டியதில்லை, துப்பிவிடலாம்.

தம்பி என் பக்கம் திரும்பினான். "துப்பிடுவேன்கா."

நான் பதில் சொல்வதற்குள் மேசைமேல் இரண்டு சின்னக் கிளாஸ்கள் வந்துவிட்டன. ஸ்டவுட் என்றார். இருப்பதிலேயே கறுப்பு, இருப்பதிலேயே வேகம் கூடியது. மேலே காபி நுரையின் நிறத்தில் நுரை. "ஸ்வல்ப டேஸ்ட் மாடி, மேடம்." கொஞ்சம் ருசி பாருங்கள் என்கிறார்.

தம்பி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

நான் வாழ்நாளில் குடித்ததில்லை. எங்கள் சர்ச்சில், எங்கள் வீட்டில், அது கேள்விக்கே இடமில்லாத விஷயம். ஆனாலும் ருசி பார்க்காமல் அம்மாவிடம் என்ன சொல்வது? என் கிளாஸை எடுத்தேன். எங்கள் ஊர் ஸ்டேஷனிலிருந்து தம்பியைத் தோளில் தாங்கி வந்த நாட்களில் என் புடவையில் ஏறிய அந்தப் புளித்த நெடியை எதிர்பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நெடி இல்லை. முதலில் கருகிய வாசனை. பிறகு டிகாக்ஷனின் கடைசிச் சொட்டுக் கசப்பு. அது இறங்கிய பின் அடிநாக்கில் கருப்பட்டி போல ஒன்று. நெஞ்சில் மெதுவாக ஒரு சூடு. இத்தனை வருடம் நான் வெறுத்தது இதையா, வேறெதையாவதா என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது.

தம்பியின் கிளாஸ் அவன் எதிரில் அப்படியே இருந்தது. அது அங்கே இருக்கக் கூடாது என்று அதையும் எடுத்துக் குடித்தேன்.

"ஹேகிதே?" என்று கேட்டார் அந்தப் பெண். எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். கன்னடத்தில் கேட்டவருக்குத் தமிழில் "நல்லா இருக்கு" என்றேன். மூன்றாவது கிளாஸ் வந்தது. காலிக் கிளாஸை நான் முன்னால் நகர்த்தினேனா, அவராக எடுத்து நிரப்பினாரா என்று பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை. குடித்தது மட்டும் நான்.

திங்கட்கிழமைக்குள் பதில் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். ஸ்டேஷன் படிக்கட்டில் கால் ஒரு படியைத் தவறவிட்டது. தம்பி என் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான்.

"இன்னாக்கா, ரீப்ஸு ஸ்டேஷன்லேர்ந்து இன்னிக்கி நான் உன்ன தூக்கினு போவணுமா?"

"கம்முனு வாடா."

ரயிலில் ஜன்னலோரம் உட்காரப் போனேன். விடவில்லை. "காத்து பட்டா இன்னும் ஏறும். இப்பிடி உள்பக்கம் ஒக்காரு." சட்டைப் பையிலிருந்து இரண்டு கிராம்பு எடுத்தான். ஒன்றை எனக்குக் கொடுத்து, பழக்க தோஷத்தில் மற்றொன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டான். "மென்னு முழுங்காத. அடக்கினு இரு. அம்மா மோந்து பாக்கும்."

பங்காருபேட்டையில் ரயில் நின்றபோது எனக்குத் தலை தெளிந்திருந்தது. சரி என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். நல்ல இடம், நல்ல மனுஷி, வால்வைத் தொட்டபோது அவன் முகத்தில் பழைய களை.

"அம்மாகிட்ட சரின்னு சொல்லப் போறேன்" என்றேன்.

"வேணாங்கா. நான் போவல."

"ஏன்டா? துப்பிடுவேன்னு சொன்னியே?"

"குடிக்கிறப்ப உன் மூஞ்சப் பாத்தேன். எனக்கு மொத நாளு அப்பிடித்தான் இருந்துச்சி."

"உனக்காகத்தானே குடிச்சேன்?"

"மொத ரெண்டும் எனக்காக. சரி." கிராம்பை மறு கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டான். "மூணாவது?"



வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா தம்பியின் பக்கத்தில் வந்து நின்றார். கிராம்பு வாசனையை மோந்துவிட்டார். முன்பெல்லாம் எந்த நாட்களில் அவனிடம் கிராம்பு மணக்கும் என்று அவருக்குத் தெரியும். சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, அவன் குடிக்கல. நான்தான் குடிச்சேன்."

"போதும்டி," என்றார் அம்மா. "அவன காப்பாத்தறதுக்கு உன் வாயால இப்பிடி ஒரு பொய்யா?"

"பொய் இல்லம்மா. வேணும்னா என் வாய மோந்து பாரு."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தம்பி கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, "விடுக்கா, கேட்டா நம்பவா போவுது," என்று சொல்லிச் சிரித்தான். அது சிரிப்புதானா என்று எனக்கு நிச்சயமில்லை. அப்புறம் முகம் கழுவப் போனான்.

பிறகு நாலைந்து முறை சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அம்மாவுக்கு என்மேல் பாசம்தான் கூடியது. தம்பிமேல் இவ்வளவு உயிராக இருக்கிறாளே என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறார்.

தம்பி இப்போது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர் பம்ப்புகளைப் பார்த்துக்கொள்கிறான். குடிப்பதில்லை. அந்தச் சனிக்கிழமை அவன் குடித்தான் என்றே அம்மா இன்னும் நம்புகிறார். நானும் அதற்குப் பிறகு தொட்டதில்லை.

நான் போய்வரும் ரயில் காலையிலும் மாலையிலும் ஒயிட்ஃபீல்டில் இரண்டு நிமிடம் நிற்கிறது.