சட்டம் வந்துவிட்டது என்று நான் சொன்ன நாள்

போன வாரம் சோறு தின்னும்போது நீங்கள் மூன்று பேரும் ஒரு கேள்வி கேட்டீர்கள். "அக்கா மட்டும் ஏம்பா அஞ்சாவது பாதியில நின்னுட்டா?" தண்ணீர் குடிக்கிற சாக்கில் நான் எழுந்து போய்விட்டேன். இதை வாயால் சொல்ல எனக்கு வராது. எழுதினால் நடுவில் எழுந்து போக முடியாது. அதனால் எழுதுகிறேன்.

அப்போது நீங்கள் பிறக்கவில்லை. நானும் உங்கள் அம்மாவும் அக்காவும் என் அண்ணன், அதாவது உங்கள் பெரியப்பா வீட்டில்தான் இருந்தோம். பெரியப்பா தோல் பதனிடுகிற ஷாப்பில், தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழிக்கு மேஸ்திரி. என்னை வளர்த்து, எட்டாவது வரை படிக்க வைத்து, அதே ஷாப்பில் வேலைக்கும் சேர்த்துவிட்டவர் அவர். கட்டி முடித்த தோல் மூட்டையின்மேல் முதலாளியின் மார்க்கைக் கறுப்பு மையில் குத்துவது என் வேலை. மார்க்கு விழுந்த மூட்டையை யாரும் திரும்பப் பிரிக்க மாட்டார்கள். தோல் நல்லதோ சொத்தையோ, பேச்சு முடிந்தது, மதராஸுக்கு ரயில் ஏற வேண்டியதுதான். அந்தப் பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது.

அக்காவுக்குப் பதினோராம் வயது நடந்தது. நாலாவது முடிந்ததும் பள்ளிக்கூடம் போதும் என்றார் பெரியப்பா.

"கடுதாசி படிக்கத் தெரிஞ்சுபோச்சு. இன்னும் இன்னாத்துக்குடா?"

"நல்லா படிக்கறான்னு வாத்தியாரம்மா சொல்றாங்கண்ணா."

"வாத்தியாரம்மாவா வந்து கட்டிக் குடுக்கப் போறாங்க? நாலு பேரு கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

அவர் கெட்டவர் இல்லை. நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்பதுதான் அவருக்குப் பயம். எனக்கோ அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேச நாக்கு எழாது. அந்த நேரம் பார்த்து, முதலாளி படித்துப் போட்ட பேப்பரில் ஒரு சேதி வந்திருந்தது. பட்டணங்களில் பெண் பிள்ளைகளைப் பன்னிரண்டு வயது வரை கட்டாயம் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு அங்கத்தினர் சட்டசபையில் மசோதா கொண்டுவந்திருக்கிறார் என்று. அதைப் படித்துக் காட்டினேன். பெரியப்பா தாடையைத் தேய்த்துக்கொண்டார்.

"சர்க்காரு அனுப்புன்னா அனுப்பறேன். கேக்கறவன் வாய மூடிடலாம். நீ சொல்றன்னு அனுப்ப மாட்டேன். பள்ளிக்கூடம் தெறக்கறதுக்குள்ள உன் சட்டம் வருதா பாக்கலாம்."

பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள் இருக்கும்போது, முதலாளியின் வழக்கு விஷயமாக வக்கீல் குமாஸ்தா ஷாப்புக்கு வந்தார். அவர் கொண்டுவந்த காகிதக் கட்டில் ஒரு சர்க்கார் கெஜட்டு இருந்தது. புரட்டினேன். அதே மசோதா! பிரிவு பிரிவாக அச்சாகி, மேலே சர்க்கார் முத்திரையோடு இருந்தது. முத்திரை விழுந்துவிட்டதே, இனி யார் பிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரையும் கேட்கவில்லை. சுண்ணாம்புக் குழிக்கு ஓடினேன்.

"அண்ணா, சட்டம் வந்துடுச்சு!"

பெரியப்பா கையைக் கோணியில் துடைத்துக்கொண்டார். "நெஜமாவாடா? அப்ப சரி. சர்க்காரே சொன்னப்புறம் நாம யாரு?"

அன்றைக்கே தெருவெல்லாம் சொல்லிவிட்டார், தானே போட்ட சட்டம் மாதிரி. அக்கா ஐந்தாவதில் போய் உட்கார்ந்தாள்.

அடுத்த மாதம் குமாஸ்தா மறுபடி வந்தபோது நான் சந்தோஷமாக அவரிடம் அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அது சட்டமில்லய்யா, இன்னும் மசோதாதான். ஜனங்க அபிப்பிராயம் கேக்கறதுக்கு அச்சுப் போட்டிருக்காங்க. இனிமேதான் கமிட்டிக்குப் போவணும், திரும்பி வரணும், ஓட்டு எடுக்கணும், கவர்னர் கையெழுத்துப் போடணும்."

"அப்ப அந்த முத்திரை?"

"கெஜட்டுல எது போட்டாலும் மேல முத்திரை இருக்கும். மாடு ஏலம் விடறதுக்கும் இருக்கும்."

நான் பெரியப்பாவிடம் சொல்லவில்லை. பொய் வெளியே வருவதற்குள் சட்டம் வந்துவிட்டால் பொய்யே உண்மையாகிவிடும் என்று ஒரு கணக்குப் போட்டேன். பிள்ளைகளே, அதைவிட மோசமான கணக்கை நான் போட்டதில்லை.

அன்று முதல் அந்த மசோதாவின் பின்னாலேயே அலைந்தேன். பேப்பர் ஒரு நாள் தாமதமாக வரும். முதலாளி படித்து, அவர் தம்பி படித்து, என்னிடம் வர மத்தியானம் ஆகும். சட்டசபைப் பக்கத்தை நின்றபடியே படிப்பேன். தோல் தரம் பிரிக்கிற பாய் என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

"இன்னா தோஸ்த், உன் மசோதா வெந்துச்சா? சுண்ணாம்புல போட்ட தோலுன்னா நாளு எண்ணி எடுத்துடலாம். இது பெரிய பேஜாரா கீதே."

அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தேன். நான் வீட்டுக்கு வந்ததும் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்பாள்.

"சட்டம் எங்கப்பா வந்துகீது? அரக்கோணம் தாண்டிச்சா?"

"இன்னும் மதராஸ் டேசன்லயேதான் நிக்குது."

முதலில் சிரித்தாள். ஆடி போய் ஆவணி வந்ததும் கேட்பாள், ஆனால் சிரிக்க மாட்டாள்.

மசோதா கமிட்டிக்குப் போனது. திரும்பியது. ஒரு நாள் பட்டியலில் கடைசியாக இருந்தது. அன்று முழுக்க நில வரியைப் பற்றிப் பேசி, பொழுது போய் சபை கலைந்தது. இன்னொரு நாள் முதலாவதாகவே இருந்தது, ஆனால் கொண்டுவந்த அங்கத்தினருக்கு ஜுரம். பிறகு அவர் எழுந்து நன்றாகப் பேசினார். பணத்துக்கு எங்கே போவது என்று ஒருவர் கேட்க, தள்ளிவைத்தார்கள். நான் இங்கே மார்க்குக் குத்தும் குச்சியோடு நிற்கிறேன். அங்கே பேசுகிறவர்களில் ஒருவருக்காவது ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் காத்திருப்பது தெரியுமா? கத்திச் சொன்னால் பாலாற்றைத் தாண்டிக் கேட்குமா?

ஒரு நாள் பேப்பரின் மூலையில் நாலு வரி இருந்தது. சபையின் காலம் முடிந்து கலைத்துவிட்டார்கள், புதுத் தேர்தல் வருகிறது என்று. குமாஸ்தாவிடம் ஓடினேன்.

"சபையோட சேர்ந்து மசோதாவும் செத்துப்போச்சுய்யா. புது சபை வந்து, யாராவது மறுபடியும் மொதல்லேந்து கொண்டாந்தாதான் உண்டு."

அந்த வாரமே ஓட்டுக் கேட்டு நாலைந்து பேர் நம் தெருவுக்கு வந்தார்கள். அப்போதெல்லாம் வரி கட்டுகிறவருக்குத்தான் ஓட்டு. வீட்டு வரி பெரியப்பா பெயரில் இருந்ததால் அவருக்கு ஓட்டு உண்டு. எனக்குக் கிடையாது. பெரியப்பா அவர்களைப் பெருமையாக வரவேற்றார்.

"பொம்பளப் புள்ளைங்களுக்கு சட்டம் போட்ட சபையாச்சே, ஓட்டுப் போடாம இருப்பமா?"

"எந்தச் சட்டம் மேஸ்திரி? அப்பிடி ஒண்ணு வரவே இல்லியே!" என்று ஒருவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள்.

பெரியப்பா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை.

"நாலு பேரு எதிர்ல என்னிய நிக்க வெச்சுட்டியேடா," என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் அக்கா பள்ளிக்கூடம் போகவில்லை. நான் காலில் விழுந்து கேட்டிருக்கலாம். பொய் சொன்னவன் எந்த முகத்தோடு கேட்பது? அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் அக்கா கேட்டாள், "புது சபை எப்பப்பா கூடும்?"

"எலெக்சன் ஆனதும்."

"மொதல்லேந்து வர்றதுன்னா அதுக்குள்ள எனக்குப் பன்னெண்டு தாண்டிடும்ல?"

அதற்குப் பிறகு அவள் சட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அவளைக் குடியாத்தத்தில் கட்டிக்கொடுத்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து.

ஓட்டுப் போடும் இடமாக அக்காவின் பள்ளிக்கூடத்தையே வைத்திருந்தார்கள். பெரியப்பா தலைப்பாகை கட்டிக்கொண்டு காலையிலேயே போய்ப் போட்டுவிட்டு வந்தார். நான் வேலை விட்டுப் பொழுது சாய்ந்து அந்த வழியாக வந்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். கதவு திறந்தே கிடந்தது. ஐந்தாம் வகுப்பு பெஞ்சுகளையெல்லாம் தாழ்வாரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிவைத்திருந்தார்கள். மறுநாள் பிள்ளைகள் வந்தால் எங்கே உட்காரும்?

ஒவ்வொன்றாக இறக்கி உள்ளே கொண்டுபோய் வரிசையாகப் போட்டேன். கடைசி பெஞ்சு ஒரு பக்கம் ஆடியது. தரையில் கிடந்த ஓட்டு நோட்டீசு ஒன்றை எடுத்து நாலாக மடித்துக் காலுக்கு அடியில் செருகினேன். கையை ஊன்றி அழுத்திப் பார்த்தேன். ஆடவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.