ஆட்டோச் சாவியும் செவிப்பறையும்

மூன்றாம் வகுப்புக்குக் காது பாடம் நடத்தும்போது, படத்தைக் காட்டிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனம் வராது. எவர்சில்வர் கிண்ணத்தின் வாயில் பலூனை வெட்டி இழுத்துக் கட்டினேன். மேலே கொஞ்சம் ரவையைத் தூவி, பக்கத்தில் தாம்பாளத்தைப் பிடித்துக் கரண்டியால் ஓங்கி அடித்தேன். ரவை துள்ளியது. பிள்ளைகளும் துள்ளினார்கள். அடுத்த வகுப்பு ஆசிரியர் மட்டும் ஜன்னல் வழியாக முறைத்துவிட்டுப் போனார்.

"இதான் செவிப்பறை. சத்தம் வந்து மோதினா அதிரும். அந்த அதிர்வு உள்ள போயி, நரம்பு வழியா மூளைக்குச் சேதி சொல்லும்" என்றேன். பிறகு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், வீட்டில் எதை வைத்துக் காது குடைவீர்கள் என்று கேட்டேன். ஊக்கு, தீக்குச்சி, கோழி இறகு என்று வகுப்பே போட்டி போட்டது.

"எங்க வாப்பா ஆட்டோச் சாவி" என்றாள் முன் வரிசைச் சிறுமி.

எனக்குத் தெரியாதா என்ன! மேலப்பாளையத்தில் சவாரிக்குக் காத்திருக்கும் ஆட்டோக்காரர்களில் பாதிப்பேர் கண்ணை மூடிக்கொண்டு சாவியைக் காதுக்குள் திருகிக்கொண்டுதான் இருப்பார்கள். அந்த நேரத்தில் யாராவது சவாரி கேட்டால் கோபம்வேறு வரும்.

ஆத்திரத்தில் பென்சிலால் பலூனை ஒரே குத்து குத்தினேன். டப்!

"இனி ரவை துள்ளுமா?"

"துள்ளாது டீச்சர்" என்றார்கள், செத்த குரலில். பாடம் நன்றாகப் போனதென்று நிறைவாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் மணி அடித்து வெகுநேரம் கழித்து, ஆட்டோவில் வரும் பிள்ளைகள் எல்லாம் வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார்கள். முன்னால் அந்தச் சிறுமியின் தகப்பனார். அவருடைய ஆட்டோவில்தான் அவர்கள் தினமும் வருவது.

"என்ன டீச்சர் பாடம் நடத்துனீங்க? இவ சாவிய ஒளிச்சி வச்சிக்கிட்டு தரமாட்டேங்கா. வண்டி அங்கனயே நிக்கி. ஆஸ்பத்திரி சவாரியும் போச்சு!"

"நான் ஒளிக்கச் சொல்லலியே பாய்!"

எனக்கும் எரிச்சல்தான். பாடம் மண்டையில் ஏறவில்லையே என்று வருடமெல்லாம் கத்துகிறேன். ஏறினால் இப்படி வந்து நிற்கிறது. அவள் பையைக் கொட்டிப் பார்த்தோம். டிபன் பாக்ஸைத் திறந்து இடியாப்பத்தையும் கிளறிப் பார்த்தோம். சாவி இல்லை.

"ஏட்டி, சாவி எங்க?" என்று அவளை அதட்டினார்.

"இனிமே குடைய மாட்டேன்னு வாப்பா சொல்லட்டும்."

"குடையல, போதுமா? குடு."

"நேத்தும் இப்படித்தான் சொன்னாங்க டீச்சர். வண்டியில ஏறி ஒக்காந்ததும் குடைஞ்சாங்க."

அவருக்கு வந்ததே கோபம். "என் காது, நான் குடையுதேன். ஒனக்கென்னளா?"

தகப்பனாருக்கு இடப்பக்கம் நின்றிருந்த அவள், தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"ஒரு காது ஏற்கெனவே போச்சு. இன்னொண்ணும் போச்சுன்னா நான் கூப்புடுதது எப்படிக் கேக்கும்?"

இனி இந்த மனிதர் உருகிவிடுவார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அதே கோபம் அப்படியே இருந்தது.

"என்ன சொல்லுதா டீச்சர்?" என்று என்னிடம் கேட்டார்.

நான் சுற்றிக்கொண்டு அவருடைய வலப்பக்கம் போய் நின்று, அவள் சொன்னதைச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் சாவியைக் கேட்கவில்லை. அவளாகத்தான் குனிந்து, சாக்ஸுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள்.